மே மாதத்தில் தொடங்கும் கார்னிவல்

லண்டனின் கரீபியன் தெருவிழாவான நொட்டிங் ஹில் கார்னிவலுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் ஓகஸ்ட் என்று சொல்வதில்லை. மே மாதம் போங்கள் என்பேன். ஓகஸ்ட் கடைசி ஞாயிறும் திங்களும் மேற்கு லண்டன் தெருக்களில் நடப்பதைப் பார்க்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்கு மூன்று மாதம் முன்பே பழைய மண்டபங்களிலும் இளைஞர் நிலையங்களிலும் கம்பி வளைத்து, துணி வெட்டி, இறகு ஒட்டிக்கொண்டு இருக்கிற ஆட்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். கறுப்பின மக்களின் மரபு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதை நான் பார்த்தது அந்த அறைகளில்தான்.

என் மகளின் வகுப்புத் தோழியுடைய அம்மம்மா ட்ரினிடாட்டில் பிறந்தவர். எல்லாரும் அவரை ஆன்ட்டி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். பாடசாலை வாசலில் ஒருநாள், "உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவாக வராது, அம்மாவுக்கு நன்றாகத் தெரியும் என்றேன். "அப்போ அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. சனிக்கிழமை மாஸ் கேம்ப் திறக்கிறோம்" என்றார். கார்னிவலில் ஒரே கருப்பொருளில் உடையணிந்து ஆடிப்போகும் குழுவுக்கு மாஸ் பாண்ட் என்று பெயர். அந்தக் குழுவின் உடைகள் தயாராகும் இடம் மாஸ் கேம்ப்.

நான் பெரிய தையல்கூடம் ஒன்றை எதிர்பார்த்துப் போகவில்லை; ஆனாலும் அது இவ்வளவு சின்ன இடமாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை. நீள மேசைகள், மடக்குக் கதிரைகள், நிறம் நிறமாகப் பிரித்து வைத்த இறகுப் பெட்டிகள், ஒரு மூலையில் தேநீர்க் கேத்தல். சுவரில் அந்த வருடத்து உடைகளின் வரைபடங்கள். பிள்ளைகள் பிரிவுக்கு அந்த முறை செந்நிற அரிவாள் மூக்கன், அதாவது ட்ரினிடாட்டின் தேசியப் பறவை. பிள்ளைகள் சிவப்புத் துணியை வெட்டிக்கொண்டு இருக்கும்போதே ஆன்ட்டி கதை சொல்வார்: மாலையில் அந்தப் பறவைகள் கூட்டமாக வந்து சதுப்பு நிலத்து மரங்களில் அடைவதை, தன் அப்பாவோடு படகில் போய்ப் பார்த்ததை. பாடம் நடத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஓகஸ்ட் வருவதற்குள் என் மகளுக்கு அந்தத் தீவின் வரைபடமே தெரிந்திருந்தது.

கம்பி வளைப்பவர் எழுபது வயதைத் தாண்டியவர். இறக்கை, கிரீடம், வால் என்று எதுவாக இருந்தாலும் முதலில் மெல்லிய கம்பியில் அதன் கோட்டுருவம் செய்யவேண்டும். இடுக்கி ஒன்றும் ஒட்டுநாடா ஒன்றும்தான் அவருடைய கருவிகள். அளவெடுக்காமல், கண் பார்வையிலேயே இரண்டு இறக்கையும் ஒன்றாக வரும்படி வளைப்பார். கம்பிகள் சேரும் இடத்தில் நாடாவை இறுக்கிச் சுற்றுவதில் கண்டிப்பானவர். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாலு மணி நேர நடைக்குள் அது ஒரு பிள்ளையின் தோளைக் கிழித்துவிடும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அதனாலேயே தன் பக்கத்தில் எப்போதும் இரண்டு இளையவர்களை உட்கார வைத்திருப்பார். லண்டனில் இப்படி ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். வேறு எதுவும் செய்யவேண்டாம்.

அம்மா முதல் வாரம் பேசவே இல்லை. ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், கூச்சம் வேறு. ஒரு மூலையில் இருந்து ஜிகினா வில்லைகளைத் துணியில் தைத்துக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஊர்ப் பிள்ளைகளின் நடன உடுப்புகளுக்குத் தைத்துக் கொடுத்த கை. ஆன்ட்டி வந்து அந்தத் துணியைத் திருப்பி, பின்பக்கத்துத் தையலைப் பார்த்தார். பிறகு தன் தையல் பெட்டியை அப்படியே தூக்கி வந்து அம்மாவின் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான். அம்மா தமிழில் சொல்வார், அவர் ட்ரினிடாட் ஆங்கிலத்தில் சொல்வார், வேலை நடக்கும். "அம்மம்மாவுக்கு லண்டனில் முதல் முதல் சிநேகிதி கிடைத்திருக்கிறார்" என்று மகள் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாஸ் கேம்புக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உடையை விலை கொடுத்து வாங்கி ஆடப்போவது ஒரு வழி. பெரியவர்களின் இறகு உடைகள் பல நூறு பவுண் வரைக்கும் போகும். வேலை செய்யப்போவது இன்னொரு வழி, அதற்குக் காசு வேண்டாம். நேரம் கொடுக்கிறவர்களை எந்தக் குழுவும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. பெரும்பாலான குழுக்கள் வசந்த காலத்தில் தங்கள் கருவையும் வடிவங்களையும் வெளியிடும், அப்போதே தொடர்புகொள்ளுங்கள். பிள்ளைகள் பிரிவு வைத்திருக்கும் குழுவாகத் தேடுங்கள், அங்கே குடும்பங்கள் இருக்கும். சுடுபசைத் துப்பாக்கியைப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் பிடிக்கும்போதும் பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். இறகை ஒட்டுமுன் அதன் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, இடது வலதாகப் பிரித்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கிரீடம் கோணலாகத்தான் வரும். முதல் நாளே யோசனை சொல்லப் போகவேண்டாம். மணிகளைத் தரம் பிரிக்கச் சொன்னால் பிரியுங்கள். அந்த மேசையில் காதில் விழுகிற பேச்சுக்காகவே அந்த வேலையைச் செய்யலாம்.

நான் கார்னிவலின் வரலாற்றைக் கேட்டதும் அந்த மேசையில்தான்.

1958 ஓகஸ்ட் கடைசியில் இதே நொட்டிங் ஹில் தெருக்களில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியன் மக்களையும் அவர்களுடைய வீடுகளையும் தாக்கின. பல இரவுகள் அது தொடர்ந்தது. அப்போது பிரிக்ஸ்டனிலிருந்து 'வெஸ்ட் இண்டியன் கசெட்' என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர் க்ளோடியா ஜோன்ஸ். ட்ரினிடாட்டில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறைக்குப் போய், 1955இல் அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண். கலவரத்துக்கு அவர் கொடுத்த பதில் ஒரு கார்னிவல். 1959 ஜனவரி 30ஆம் தேதி, கடும் குளிரில், செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்துக்குள் அதை நடத்தினார். பிபிசி தொலைக்காட்சியில் காட்டியது. விழா மலரை விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவரத்தில் மாட்டி அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்குப் போனது. கறுப்பின இளைஞர்களுக்கு மட்டும் அல்ல, வெள்ளை இளைஞர்களுக்கும். இதை முதலில் கேட்டபோது கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அடிபட்டு ஐந்து மாதத்துக்குள் அப்படி ஒரு முடிவை எடுக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

அதே 1959 மே மாதம், அன்டிகுவாவிலிருந்து வந்த கெல்ஸோ கொக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி நொட்டிங் ஹில்லில் தெருவில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 32. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். கோல்போர்ன் சாலையில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கார்னிவலுக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

தெருவுக்கு விழா இறங்கியது 1966இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். ஐரிஷ், போர்த்துக்கேய, உக்ரேனிய, ஆபிரிக்க, கரீபியன் குடும்பங்கள் எல்லாம் நெருக்கமாக வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு அது. ட்ரினிடாட்காரரான ரஸல் ஹென்டர்சன், எண்ணெய்ப் பீப்பாயில் செய்த வாத்தியமான ஸ்டீல் பான் வாசிக்கும் தன் குழுவோடு வந்து, வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபடி வாசித்தார். கேட்டவர்கள் வீடுகளிலிருந்து இறங்கிப் பின்னால் நடந்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் லெஸ்லி பாமர் பொறுப்பேற்று, மாஸ் குழுக்களைப் பெருக்கி, பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிப் பாட்டுப் போடும் ஜமெய்க்கர்களின் சவுண்ட் சிஸ்டங்களையும் உள்ளே கொண்டுவந்தபோதுதான் இன்றைய உருவம் வந்தது.

இங்கே நம்மவர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒரு தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அந்த இடத்துக்கெல்லாம் பொம்பிளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறது சரியே?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அக்கறையோடுதான் கேட்டார். நம் வீடுகளில் கறுப்பின மக்களைப் பற்றி என்னென்ன சொற்கள் புழங்குகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே வாய்தான் அந்தச் சொற்களையும் சொல்கிறது. செவ்வாய்க்கிழமைப் பத்திரிகைகள் எத்தனை பேர் கைதானார்கள் என்பதைத் தலைப்பாகப் போடும். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஆடினார்கள் என்று போடுவதில்லை. அத்தனை லட்சம் பேர் கூடுகிற இடத்தில் கவனமாக இருக்கவேண்டும், அது எந்தத் திருவிழாவுக்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தாயின் பயம் கூட்டத்தைப் பற்றியது அல்ல, கூட்டத்தின் நிறத்தைப் பற்றியது. அதை அவரிடம் நேராகவே சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மகளோடு மாஸ் கேம்புக்கு வாருங்கள் என்றும் சொன்னேன். வந்தார்.

அ. சிவானந்தனைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். 1958 மே மாதம் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டதைப் பார்த்து, அந்த வருடமே நாட்டை விட்டு லண்டன் வந்தவர். வந்து இறங்கிய நேரம் நொட்டிங் ஹில் எரிந்துகொண்டிருந்தது. ஒரே வருடத்தில் இரண்டு ஊர்க் கலவரம். தமிழன் என்று அங்கே அடித்தவர்களையும், கறுப்பன் என்று இங்கே அடித்தவர்களையும் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். 1970களில் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகி, 2018இல் காலமாகும் வரை கறுப்பின மக்களின் போராட்டத்தைத் தன் போராட்டமாகவே எழுதினார். இந்த நாட்டில் நம் முதல் தலைமுறைக்கு வீடு வாடகைக்குக் கிடைத்ததிலும் வேலை கிடைத்ததிலும், நமக்கு முன்னால் வந்து அடிபட்டு, நீதிமன்றம் வரை போய் நின்ற கரீபியன் மக்களின் பங்கு இருக்கிறது. இன ஒதுக்கலுக்கு எதிரான சட்டங்கள் 1965இலும் 1968இலும் வந்ததன் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

சரி, பான்யார்டுக்கு வருவோம். ஸ்டீல் பான் குழு ஒத்திகை செய்யும் முற்றம் அது. ட்ரினிடாட்டை ஆண்ட பிரிட்டிஷ் அரசு 1880களில் பறையடிப்பதைத் தடைசெய்தது. ஏழை மக்கள் மூங்கில் தடிகளைத் தரையில் தட்டித் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் தகரம், குப்பைத் தொட்டி மூடி, கடைசியில் 1930, 40களில் எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்துக் கிண்ணமாகக் குழித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடத்தைப் பிரித்து, நெருப்பில் சூடாக்கி, மறுபடி சின்னச் சுத்தியலால் சுருதி சேர்க்கிறார்கள். உயர்ந்த சுரத்துக்குப் பீப்பாயைக் குட்டையாக வெட்டுவார்கள். மந்தரத்துக்கு முழுப் பீப்பாய், அதிலும் ஓர் ஆளைச் சுற்றி ஆறு பீப்பாய்கள் நிற்கும். 1951இல் ட்ரினிடாட்டிலிருந்து ஒரு குழு லண்டன் வந்து தேம்ஸ் கரையில் வாசித்தபோது இங்கிருந்தவர்கள் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று பீப்பாய்க்குக் கீழே குனிந்து பார்த்தார்களாம். ஆன்ட்டி இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இசைப் பாடம் எனக்குத் தெரியாது. சுரத்தாள் இல்லை. குழுத் தலைவர் ஒரு சிறு பகுதியை வாசிப்பார், எல்லாரும் திருப்பி வாசிப்பார்கள், பிடிபடும் வரைக்கும். எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுக்காரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கார்னிவலுக்கு முந்திய சனிக்கிழமை நடக்கும் பனரோமா போட்டியில் பத்து நிமிடத்தை ஒட்டிய ஒரு முழு உருப்படியை, பல பேர் கொண்ட குழு, ஒரு காகிதம் இல்லாமல் நினைவிலிருந்து வாசிக்கும். கார்னிவலின் நெரிசல் வேண்டாம் என்பவர்கள் அதை மட்டுமாவது கேட்கவேண்டும். ஒத்திகைக் காலத்தில் பான்யார்ட் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். உள்ளே போய், வணக்கம் சொல்லி, ஓரமாக நின்று கேட்கலாம். கேட்காமல் வாத்தியத்தில் கை வைக்கக்கூடாது.

கார்னிவல் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஞாயிறுதான். திங்கள் பெரியவர்களின் நாள், நெரிசலும் அதிகம். காலையிலேயே போய்விடுங்கள். லாட்ப்ரோக் க்ரோவ் நிலையம் வழக்கமாக அந்த நாட்களில் மூடியிருக்கும், மற்ற நிலையங்களிலும் கட்டுப்பாடு உண்டு. முந்திய நாளே பார்த்து, திரும்பி நடக்கும் வழியையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் தொலைபேசி வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு, தொலைந்தால் சந்திக்க ஒரு தெரு முனையைப் பேசி வையுங்கள். பிள்ளையின் கையில் உங்கள் எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். காதை மூடும் கவசம் கட்டாயம். சவுண்ட் சிஸ்டங்களின் அடிநாதம் நெஞ்சுக்கூட்டையே அதிர வைக்கும், சின்னக் காதுகள் அதைத் தாங்காது. பழகிய சப்பாத்து, மழைக்கு மெல்லிய மேலாடை, சில்லறைக் காசு.

உடையணிந்து ஆடுகிற குழுக்களைச் சுற்றி ஆட்கள் கயிறு பிடித்து வருவார்கள். அதற்குள் நுழையாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் மாதக்கணக்காக உழைத்து அந்த இடத்துக்கு வந்தவர்கள். இறகைத் தொட்டுப் பார்க்கவேண்டாம், படம் எடுக்குமுன் ஒரு தலையசைப்பாவது கேளுங்கள். குறைந்த உடையில் ஆடுகிற பெண்ணை யாராவது முறைத்துப் பார்த்தால் அவர் உங்கள் வீட்டு ஆள் என்றாலும் தோளில் தட்டிச் சொல்லுங்கள். மோக்கோ ஜம்பி வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுங்கள். நம்மூர்க் கொக்கிலிக்கட்டை ஆட்டக்காரர் மாதிரி உயரமான கட்டையில் நடப்பவர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த காவல் ஆவி அவர் என்பது நம்பிக்கை. பசித்தால், காரமசாலா பூசிச் சுட்ட ஜெர்க் கோழி. பீப்பாயை நெடுக்காகப் பிளந்துதான் அதற்கும் அடுப்பு. மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு டபிள்ஸ் இருக்கும், கடலைக் கறியை மெத்தென்ற ரொட்டியில் வைத்துக் கொடுப்பது. 1845 முதல் ட்ரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழி வந்த சாப்பாடு அது. அந்தக் கப்பல்களில் சில சென்னையிலிருந்தும் போனவை.

பிற்பகல் 3 மணிக்கு எல்லா இசையும் நிற்கும். 2017 ஜூன் 14 அன்று பக்கத்திலேயே கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து இறந்த 72 பேருக்காக 72 விநாடி மௌனம். என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரவு 7 மணிக்குச் சவுண்ட் சிஸ்டங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நடையைக் கட்டுவது நல்லது.

என் மகள் இப்போது பான் வாசிக்கிறாள். அந்தத் தமிழ்ப் பாடசாலைத் தாய் பிள்ளைகள் பிரிவுக்குத் தண்ணீர் வண்டி தள்ளுகிறார். எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவிலும் ஒரு மாற்றம் செய்தோம். உடுப்புகளை வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டு, அம்மம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருந்து தைக்கிறார்கள். முதல் வருடம் பெற்றோர்கள் முறுமுறுத்தார்கள், நேரம் எங்கே என்று. இப்போது அந்தத் தையல் நாட்களுக்குத்தான் கூட்டம் அதிகம். ஆன்ட்டியும் வந்து ஒரு மேசையைப் பிடித்துக்கொள்கிறார்.

லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. லீட்ஸில் 1967 முதல் கரீபியன் கார்னிவல் நடக்கிறது, அதுவும் ஓகஸ்ட் கடைசித் திங்களில்தான். பிரிஸ்டலில் செயின்ட் போல்ஸ் பகுதிக்காரர்கள் 1968இல் தொடங்கினார்கள். ரொறன்ரோவிலும் 1967 முதல் நடக்கிறது. பெரிய ஊர்வலம் ஓகஸ்ட் தொடக்கத்தில், பிள்ளைகளுக்குத் தனி ஊர்வலம் அதற்கு முன்னால். நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவிலேயே மாஸ் கேம்புகள் இருக்கின்றன. கோடை தொடங்குமுன் உங்கள் ஊர்க் குழு ஒன்றைத் தேடி, எங்களுக்குச் சனிக்கிழமைகளில் நேரம் இருக்கிறது, தைக்கவும் வெட்டவும் வருவோம் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வீட்டில் தைக்கத் தெரிந்த அம்மா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.